ஸ்டாக் பவுல் என்றால் என்ன? எப்போதும் ஒரே இரண்டு அணிகள்தான் ஆடுமாமே, அதில் என்ன சுவாரஸ்யம்?

கேள்வியின் இரண்டாவது பாதியில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2005 முதல் 2014 வரை பத்து வருடங்களில் ஒன்பது முறை ஸ்டாக் பவுல் என்ற அந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து இறுதிப் போட்டியில் மோதியவை இரண்டே கல்லூரிகள்: ஒஹாயோவின் மவுண்ட் யூனியன், விஸ்கான்சினின் வைட்வாட்டர். போதாக்குறைக்கு இரண்டுக்கும் ஊதா நிறம். அந்த ஒன்பதில் கடைசியை நான் நேரில் பார்த்தேன்.

அப்போது வர்ஜீனியாவில் ரோனோக் நகரத்தில் வேலை. ஒட்டினாற்போல் இருக்கும் ஊரின் பெயர் சேலம். "வெள்ளிக்கிழமை சேலத்துல மேட்ச் பார்க்கப் போறேன்" என்று போனில் சொன்னதும் அம்மா, "ஊருக்கு எப்படா வந்தே? சொல்லவே இல்ல" என்றார். விளக்கிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டாக் பவுல், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மூன்றாம் பிரிவுக்கான இறுதிப் போட்டி. (கால்பந்து என்றாலும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.) டிவியில் லட்சம் பேர் கூடி ஆர்ப்பரிப்பதாகக் காட்டுவது முதல் பிரிவு. 1973-இல் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ தன் உறுப்பினர்களை மூன்றாகப் பிரித்தபோது, மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது என்று வைத்தார்கள். நன்றாகப் படித்தால் சலுகை உண்டு, வீட்டில் கஷ்டம் என்றால் உண்டு. நன்றாக ஆடுகிறாய் என்பதற்காக ஒரு டாலர் கிடையாது.

இந்த விதி ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016 இறுதிப் போட்டியில் 10-7 என்று ஜெயித்த டெக்சஸின் மேரி ஹார்டின்-பேய்லர் கல்லூரியிடமிருந்து பிற்பாடு பட்டத்தையே பறித்துவிட்டார்கள். காரணம், பயிற்சியாளர் தன் பழைய காரை ஆட்டக்காரர் ஒருவருக்கு ஓட்டக் கொடுத்திருந்தார்.

போட்டிக்குப் பெயர் தந்த அமோஸ் அலான்சோ ஸ்டாக்கின் கதையே தனி. 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகி நாற்பது வருடம் இருந்தார். 70 வயதாகிவிட்டது, போதும் என்றார்கள். மனிதர் கலிஃபோர்னியாவுக்குப் போய் இன்னொரு கல்லூரியில் மேலும் 14 சீசன் பயிற்சி கொடுத்தார். 1965-இல் இறந்தபோது வயது 102. இதற்கிடையே 1939-இல் சிகாகோ கால்பந்தையே கைவிட்டது. அவர் பெயர் கொண்ட மைதானத்தில் காலியாகக் கிடந்த பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் 1942 டிசம்பரில் உலகின் முதல் அணு உலை இயங்கியது. பிற்பாடு சிகாகோ மறுபடி ஆட வந்தது. இப்போது ஆடுவது மூன்றாம் பிரிவில்!

முதல் இறுதிப் போட்டி 1973-இல் அலபாமாவின் ஃபீனிக்ஸ் சிட்டியில் நடந்தது. மொத்தமே நான்கு அணிகள்தான். விட்டன்பர்க், ஜூனியாட்டாவை 41-0 என்று துவைத்து எடுத்தது. அப்புறம் ஊர் ஊராக அலைந்தது. 1983, 84-இல் ஒஹாயோவில் கிங்ஸ் ஐலண்ட் என்ற கேளிக்கைப் பூங்காவில்கூட நடந்திருக்கிறது. 1993-இல் சேலத்துக்கு வந்து 25 வருடம் தங்கியது. சுமார் 25,000 பேர் வாழும் ஊர் அது. அங்கே அந்தப் போட்டி கிட்டத்தட்ட ஊர்த் திருவிழா.

அதே 1993-இல்தான் மவுண்ட் யூனியனும் முதல் பட்டம் வாங்கியது. பயிற்சியாளர் லாரி கேரஸ். அவர் ஓய்வு பெறும்போது கணக்கு: 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன். பட்டங்கள் 11. 2003-இல் தொடர்ந்து 55 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்தவர்களை மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் 24-6 என்று மண்ணைக் கவ்வவைத்தது. அந்த அணியின் பயிற்சியாளர் ஜான் கக்லியார்டி பயிற்சியில் விசில் ஊதமாட்டார், ஒருவரை ஒருவர் மோதிச் சாய்க்க விடமாட்டார், தன்னை 'கோச்' என்று கூப்பிடவும் விடமாட்டார். வெறும் ஜான்! என்னைக் கேட்டால் இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே இனிப்பான வெற்றி அதுதான்.

நான் போன 2014 டிசம்பர் இரவு நல்ல குளிர். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர்தான் கூட்டிப் போனார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊதா, யாருக்குக் கை தட்டுவது என்றே தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா, தடித்த கோட்டுக்கு மேல் மகனின் எண் போட்ட பனியனை இழுத்து மாட்டியிருந்தார். கோட்டின் தடிமனில் எண் பாதி மடிந்து 7 மட்டும் தெரிந்தது. ஒஹாயோவிலிருந்து ஆறேழு மணி நேரம் கார் ஓட்டி வந்தார்களாம். மகன் அன்று களத்தில் இறங்கவே இல்லை. அவர் கடைசிவரை நின்றுகொண்டேதான் இருந்தார். வைட்வாட்டர் 43-34 என்று ஜெயித்தது. எட்டு வருடத்தில் 109 வெற்றி, 6 தோல்வி, 6 பட்டம் என்றிருந்த அவர்களின் பயிற்சியாளர் லான்ஸ் லைபோல்டுக்கு அந்த அணியோடு அதுதான் கடைசி ஆட்டம்.

ஒரே இரண்டு அணி என்ற அலுப்பு அதற்குப் பிறகு இல்லை. 2018 முதல் போட்டி மறுபடி ஊர் மாறத் தொடங்கியது, புதுப் பெயர்கள் வந்தன. 2023-இல் ஒரு முறை சேலத்துக்கே திரும்பியது. நான் சென்னை திரும்பியிருந்தேன். சனிக்கிழமை விடிகாலை லேப்டாப்பில் பார்த்தேன். கார்ட்லண்ட் 38, நார்த் சென்ட்ரல் 37. ஆட்டம் முடியச் சற்று முன் நார்த் சென்ட்ரல் டச்டவுன் அடித்து (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது) ஒரு புள்ளி பின்னால் நின்றது. டச்டவுனுக்குப் பிறகு கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. அதில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி, சமன்; மறுபடி கோட்டைத் தாண்டினால் இரண்டு புள்ளி, முன்னிலை. அவர்கள் உதைக்கவில்லை, இரண்டு புள்ளிக்கே போனார்கள். கிடைக்கவில்லை. 29 ஆட்டமாகத் தோற்காத அணி அது. "டேய், உதைச்சிருக்கலாமேடா" என்று நான் கத்தியதில் அம்மா எழுந்து வந்தார். சேலத்து மேட்ச் என்றேன். "எந்த சேலம்டா?" என்றார்.