வலுக்குறைந்த புயல்: கேள்வி பதில்

சார், எதை வைத்து ஒரு புயலை 'வலுக்குறைந்தது' என்கிறார்கள்?

காற்றின் வேகத்தை வைத்துத்தான். நீடித்த காற்று மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். அட்லாண்டிக்கில் 118-ஐத் தாண்டினால் அதற்கு ஹரிக்கேன் என்று பெயர். இந்தக் கணக்கில் மழைக்கு இடமே இல்லை.

சில புயல்கள் கடலிலேயே நோஞ்சானாகக் கிடப்பது ஏன்?

கடல் நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால் மட்டும் போதாது. கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று பலமாக வீசினால், உயர எழும் இடிமேகங்கள் மையத்தைவிட்டுத் தள்ளப்பட்டுவிடும். செயற்கைக்கோள் படத்தில் இது அப்படியே தெரியும். மையத்தில் மெல்லிய மேகச் சுருள் மட்டும் வெறுமையாகச் சுழலும். அடர்ந்த வெள்ளை மேகத் திரள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். வறண்ட காற்று உள்ளே புகுந்தாலும் வளர்ச்சி நின்றுபோகும்.

காற்று குறைவென்றால் பயப்பட வேண்டியதில்லைதானே?

இந்த எண்ணம்தான் ஆபத்து. 2001 ஜூனில் அமெரிக்காவின் டெக்சாஸில் கரையேறிய ஆலிசன் என்ற புயல், கடைசி வரை ஹரிக்கேன் ஆகவே இல்லை. வடக்கே போனது, அப்புறம் திரும்பி வந்து ஹூஸ்டன் பக்கமே சுற்றியது. டெக்சாஸில் சில இடங்களில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை! மருத்துவமனைகளின் தரையடித் தளங்களில் வெள்ளம் புகுந்து மின்சாரம் போனது. நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பெரும் சேதம் செய்த புயலின் பெயரை மறுபடி வைக்காமல் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்; ஹரிக்கேன் வலுவை எட்டாமலே, அட்லாண்டிக் பெயர்ப் பட்டியலிலிருந்து அப்படி நீக்கப்பட்ட முதல் பெயர் ஆலிசன்தான்.

அப்போது சேதத்தைத் தீர்மானிப்பது எது?

பெரும்பாலும் நகரும் வேகம். ஒரே இடத்தில் தேங்கி நிற்கும் சாதாரண புயல், விரைந்து கடந்துபோகும் பெரும்புயலைவிட அதிக மழையைக் கொட்டிவிடும். மலைச்சரிவு, ஏற்கெனவே ஊறிய மண், அடைபட்ட வடிகால் இவையும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கரையைக் கடந்ததும் முடிந்துவிடுமா?

வெதுவெதுப்பான கடலின் ஈரப்பதம் கிடைக்காமல் காற்று தணியும், ஆனால் மழை மேகங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே போகும். 2007-இல் எரின் என்ற பலவீனமான புயல், டெக்சாஸில் கரையேறிச் சில நாட்கள் கழித்து, ஒக்லஹோமாவின் நிலப்பரப்பில் மறுபடி வலுப்பெற்றது. முந்தைய மழையில் நன்றாக நனைந்த நிலமும் அதற்கு ஈரப்பதம் தந்தது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

சரி, அறிவிப்பில் முதலில் எதைக் கவனிக்க?

மையம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்பதை. 10-க்கும் கீழே என்றாலோ, 'அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது' என்றாலோ உடனே மழை எச்சரிக்கையைப் பாருங்கள். தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், பகலிலேயே கிளம்பிவிடுங்கள்.