கல் விலை இறங்குமுகம்: ஈவ் ஆன்லைன் சந்தைக் கேள்வி-பதில்

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய ஆட்டத்தின் சந்தையைப் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கல்லிலிருந்து எடுக்கும் கனிமங்களான டிரிட்டானியம் (டிரிட்) இறங்குகிறது, பைரைட் இறங்குகிறது, இனி தோண்டி என்ன பயன்? எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். "நல்ல விலை கிடைக்கவில்லை" என்று மொட்டையாக எழுதினால் நான் என்ன சொல்வது? எந்த ஸ்டேஷன், பை ஆர்டரில் (வாங்குபவர் முன்பே போட்ட விலையில்) விற்றீர்களா, செல் ஆர்டர் (உங்கள் விலையைப் போட்டுக் காத்திருப்பது) போட்டீர்களா, உங்கள் ரீபிராசஸிங் (கல்லைச் சுத்திகரித்துக் கனிமமாக்குவது) எத்தனை சதவீதம், இந்த மூன்றையும் எழுதுங்கள். கீழே நான் விலை என்று சொல்வதெல்லாம் ஆட்டத்தின் பெரிய சந்தை ஸ்டேஷனான ஜிதா 4-4-இன் பை விலை. செல் விலை என்பது விற்பவரின் ஆசை. பை விலைதான் கையில் வரும் காசு.

வெல்ட்ஸ்பார் கல்லைத் தோண்டுவதா, ஸ்கார்டைட் கல்லையா? டிரிட் விலை இறங்கியதும் எல்லோரும் ஸ்கார்டைட்டுக்கு ஓடுகிறார்களே. (கல்லுடைப்பான்)

ஓடட்டும். நீங்கள் கணக்குப் போடுங்கள். முழுதாகச் சுத்திகரித்தால் ஒரு கனமீட்டர் வெல்ட்ஸ்பாரில் 40 டிரிட். ஒரு கனமீட்டர் ஸ்கார்டைட்டில் 10 டிரிட், 6 பைரைட். அப்படியானால் பைரைட் விலை டிரிட் விலையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால் ஸ்கார்டைட், குறைந்தால் வெல்ட்ஸ்பார். டிரிட் 4 இஸ்க் (ஆட்டத்தின் நாணயம்) என்றால் பைரைட் 20 தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கும்போது இந்த விகிதம் மாறாமலே இருக்கலாம்; அப்போது இடம் மாறி ஒரு பயனும் இல்லை.

ரீபிராசஸ் செய்து விற்பதா, கல்லாகவே விற்பதா? (வென்ச்சர் விமானி)

உங்கள் சதவீதத்தை எழுதவில்லை. என்பிசி ஸ்டேஷன் (ஆட்டக்காரர் அல்லாமல் ஆட்டமே நடத்துவது) என்று வைத்துக்கொள்கிறேன். அங்கே அடிப்படை 50. ரீபிராசஸிங் திறனில் மூன்றாம் நிலையில் நிற்கும் புதியவருக்கு 54.5 வரும். எல்லாத் திறனும் ஐந்தாம் நிலை, 4 சதவீத இம்ப்ளான்ட்டும் (திறனைக் கூட்டும் பொருத்தல்) இருந்தால் 72-ஐக் கொஞ்சம் தாண்டும். காவல் இல்லாத நல்செக் பகுதியில், நன்றாக ரிக் (விளைச்சல் கூட்டும் கருவி) போட்ட தத்தாராவில், அதாவது ஆட்டக்காரர்கள் கட்டும் சுத்திகரிப்பு நிலையத்தில், 90-ஐத் தாண்டுகிறது.

100 வெல்ட்ஸ்பாரில் உங்களுக்கு 218 டிரிட் வரும்; தத்தாரா வைத்திருப்பவர்களுக்கு 360. ஆகவே நீங்கள் சுத்திகரித்துச் சம்பாதிப்பதைவிட அதிகமாக அவர்கள் கல்லுக்கே தர முடியும், பெரும்பாலும் தருகிறார்கள். ஆனால் அவர்கள் வாங்குவது கம்ப்ரெஸ் செய்த (சுருக்கிய) கல்லை. 10 கனமீட்டர் கல் 0.1 கனமீட்டராகச் சுருங்குகிறது. அதிலிருந்து வரும் 360 டிரிட்டைத் தூக்கினால் 3.6 கனமீட்டர். ஜம்ப் ஃப்ரைட்டர் (தாவிச் செல்லும் சரக்குக் கப்பல்) எரிபொருளுக்குக் காசு கொடுப்பவனுக்கு இந்த முப்பத்தாறு மடங்கு வித்தியாசம்தான் வியாபாரமே. ஃப்ளீட்டில் யாராவது போர்பஸ் அல்லது ஆர்க்கா (சுரங்க உதவிக் கப்பல்கள்) வைத்து, அதில் இன்டஸ்ட்ரியல் கோர் என்ற கருவியை ஓட்டினால் அங்கேயே கம்ப்ரெஸ் செய்யலாம். இல்லையென்றால் பக்கத்து அத்தனோரில் (சிறிய சுத்திகரிப்பு நிலையம்) செய்யுங்கள்.

என்பிசி ஸ்டேஷனில் சுத்திகரித்தே ஆக வேண்டுமென்றால், அந்த ஸ்டேஷனை வைத்திருக்கும் கார்ப்பரேஷனிடம் உங்கள் ஸ்டாண்டிங்கை (நன்மதிப்பு எண்) பாருங்கள். பூஜ்யத்தில் 5 சதவீத வரி, ஏறத்தாழ 6.7-க்கு மேல் போனால் வரியே இல்லை.

பிளெக்ஸ் (நிஜப் பணத்துக்கு வாங்கி ஆட்டத்தில் இஸ்க்குக்கு விற்கும் பொருள்) ஏறுகிறது, டிரிட் இறங்குகிறது. இது பணவீக்கமா, பணவாட்டமா? (ஃபோர்ஜ் வியாபாரி)

இரண்டுக்கும் ஊற்று வேறு. என்பிசி எதிரிகளை வேட்டையாடினால் வரும் பவுன்ட்டி (பரிசுப் பணம்) புதிதாக இஸ்க்கை உண்டாக்குகிறது. சுரங்கம் ஒரு இஸ்க்கையும் உண்டாக்குவதில்லை, சரக்கைத்தான் உண்டாக்குகிறது. நீங்கள் வாங்கும் இஸ்க் இன்னொரு ஆட்டக்காரர் பையிலிருந்து வருவது. வேட்டைக்காரர்களும் தோண்டுகிறவர்களும் ஒரே சமயத்தில் பெருகினால் இஸ்க்கும் பெருகும், கல்லும் பெருகும். பிளெக்ஸ் ஏறி டிரிட் இறங்குவதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆட்டத்தை நடத்தும் நிறுவனமான சிசிபி வெளியிடும் மாதாந்திரப் பொருளாதார அறிக்கையில் இஸ்க் எங்கே ஊறுகிறது, எங்கே வடிகிறது என்ற படம் தனி, கனிம விலைக் குறியீடு தனி. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் படிக்காதீர்கள்.

முன்பெல்லாம் டிரிட் விலைக்கு ஒரு தரை இருந்ததாகச் சொல்கிறார்களே? (பழைய பட்சி)

தரையும் இருந்தது, கூரையும் இருந்தது. கூரை ஷட்டில் என்ற சிறு பயணக் கப்பல். என்பிசி விற்ற ஷட்டில் 9,000 இஸ்க். உடைத்தால் 2,500 டிரிட். டிரிட் 3.6-ஐத் தாண்டினால் ஷட்டிலை வாங்கி உடைப்பது லாபம், அதனால் விலை அதற்கு மேல் போகாது. 2008-இல் அந்த விற்பனையை எடுத்தார்கள், கூரை போயிற்று.

தரை இன்சூரன்ஸ். அப்போது இழப்பீடு மாறாத தொகை. கனிமம் மலிந்தால் கப்பலைக் கட்டி, இன்சூர் செய்து, தாங்களே வெடிக்கவைத்துவிட்டுக் காசு வாங்கினார்கள். அதனால் கனிமத்துக்கு எப்போதும் ஒரு வாங்குவோர் இருந்தார். 2010-இல் இழப்பீட்டைக் கனிமச் சந்தை விலையோடு கட்டிவிட்டார்கள். இப்போது விலை இறங்கினால் இழப்பீடும் பின்னாலேயே இறங்கும். 1 கோடி மதிப்புள்ள கப்பலுக்கு பிளாட்டினம் (உச்ச வகை) பிரீமியம் 30 லட்சம், கிடைப்பது 1 கோடி, நிகரம் 70 லட்சம். 70 லட்சத்துக்குள் கட்ட முடிந்தால்தான் வெடிப்பதில் அர்த்தம். முடியாது. இதைக் கேட்டு இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்.

பெரிய சரிவுகள் எல்லாமே வழங்கல் பக்கத்திலிருந்து வந்தவை. 2012 ஏப்ரல் வரை ட்ரோன் பிராந்தியங்களில் என்பிசி எதிரிகளான ட்ரோன்கள் பவுன்ட்டிக்குப் பதில் உலோகக் கலவைகளைப் போட்டன. அதை உடைத்தே உயர்வகைக் கனிமச் சந்தையை மூழ்கடித்தார்கள். 2016 நவம்பரில் ரோர்குவல் என்ற பெரிய சுரங்கக் கப்பலுக்கு எக்ஸ்கவேட்டர் (தோண்டும்) ட்ரோன் வந்தது, மறுபடியும் வெள்ளம். 2020-இல் சிசிபி கல்லையே குறைத்தபோது விலை ஏறியது. 2021 டிசம்பரில் கல்லின் அளவைத் திரும்பக் கூட்டினார்கள். வரிசையைப் பார்த்தால் தெரியும், விலையை மாற்றுவது பேட்ச் குறிப்பு (ஆட்டத்தில் செய்த மாற்றங்களின் பட்டியல்). அதைப் படிக்காமல் சந்தையில் உட்காராதீர்கள்.

நானே தோண்டிய கனிமத்தில் கப்பல் கட்டுகிறேன். எனக்கு டிரிட் இலவசம் என்பதால் விலை இறங்கினாலும் பாதிப்பில்லை. மற்றவர்களைவிடக் குறைத்து விற்கிறேன், உடனே போகிறது. இதை ஏன் எல்லோரும் செய்வதில்லை? (ஹைசெக் குடியானவன்)

எல்லோரும் செய்வதில்லை என்று யார் சொன்னது? ஆளாளுக்குச் செய்வதால்தான் பல கப்பல்களின் செல் விலை அவற்றுக்குள் இருக்கும் கனிமத்தின் விலையைவிடக் கீழே கிடக்கிறது.

இந்த "இலவசம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். உங்கள் ஹேங்கரில் உள்ள கனிமத்தை ஜிதா பை ஆர்டரில் கொட்டினால் 1 கோடி என்று வைத்துக்கொள்வோம். விற்பனை வரி, அக்கவுன்ட்டிங் திறன் ஐந்தாம் நிலையில், ஏறத்தாழ 3.5 சதவீதம். கையில் 96.5 லட்சம். அரை நிமிட வேலை.

அதே கனிமத்தில் கப்பல் கட்டுகிறீர்கள். கட்டும் வேலையைப் போடும்போதே கட்டணம்: எஸ்சிசி கூடுதல் (ஆட்டம் எல்லோரிடமும் பிடிப்பது) 4 சதவீதம், சிஸ்டம் இண்டெக்ஸ் (அந்த இடத்தில் நடக்கும் உற்பத்தியைப் பொறுத்தது) அமைதியான இடத்தில் 2 என்று வைப்போம், அதன்மேல் ஸ்டேஷன் வரி கால் சதவீதம். 6 லட்சம் போயிற்று. அதுவும் ஜிதாவின் இன்றைய விலையில் கணக்கிடுவதில்லை. மதிப்பீட்டு விலை என்று ஒன்று, மெதுவாக நகர்வது. சந்தை சரியும்போது அது மேலேயே தங்கிவிடும், நீங்கள் நேற்றைய விலைக்குக் கட்டணம் கட்டுவீர்கள். பிறகு "மற்றவர்களைவிடக் குறைத்து" 98 லட்சத்துக்குப் போடுகிறீர்கள். புரோக்கர் கட்டணம் 1.5, விற்பனை வரி 3.5, சேர்ந்து 5 லட்சத்தை ஒட்டி. மிஞ்சுவது 87 லட்சம். உங்கள் கணக்குப் புத்தகத்தில் "87 லட்சம் லாபம்". என் கணக்கில் 9.5 லட்சம் நஷ்டம், அதைச் சம்பாதிக்க ஒரு பிளூபிரிண்ட்டும் காத்திருப்பும் வேறு.

சொந்த வீட்டில் கடை வைத்தவர், "வாடகையே இல்லை, அதனால் லாபம்" என்று சொல்வதுபோலத்தான் இது. அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டால் என்ன வரும் என்பதை அவர் கழிக்கவே இல்லை. தோண்டுவது ஒரு தொழில், அதன் கூலி கனிமத்தின் பை விலை. கட்டுவது இன்னொரு தொழில், அது கனிமத்தை அதே பை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வரவு செலவு எழுதுங்கள். கட்டும் தொழிலில் மிச்சம் வந்தால் கட்டுங்கள். வராவிட்டால் கனிமத்தைக் கொட்டிவிட்டு, அந்தக் கப்பல்தான் வேண்டுமென்றால், அதை 98 லட்சத்துக்கு உங்களைப்போன்ற இன்னொரு குடியானவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரிவுக் காலத்தில் இதன் கேடு இன்னும் கூடுதல். வேலை ஓடி முடிவதற்குள் கனிமம் இறங்குகிறது, கப்பல் விலை அதன் பின்னால் இறங்குகிறது. உள்ளே போட்டது பழைய விலை, வெளியே வருவது புதிய விலை. பிளூபிரிண்ட்டின் எம்இ (பொருள் சிக்கன அளவு) 10 ஆகாமல் டி1 (அடிப்படை வகை) கப்பல் கட்டுகிறவர்கள் கடிதமே எழுத வேண்டாம். அந்த 10 சதவீதம்தான் மொத்த லாபமும்.

செல் ஆர்டரை ஒரு நாளைக்கு எத்தனை முறை திருத்துவது? ஒவ்வொரு முறையும் யாராவது கீழே போய்விடுகிறார்கள். (ஆர்டர் அடிமை)

இறங்கும் சந்தையில் அடிக்கடி திருத்தாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டணம் உண்டு. செல் ஆர்டருக்கு வரியோடு புரோக்கர் கட்டணம். பை ஆர்டரில் கொட்டினால் வரி மட்டும். இரண்டு விலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி 3 சதவீதத்துக்குள் இருந்தால் கொட்டிவிட்டுத் தூங்கப் போங்கள்.

ஜிதா இருக்கும் ஃபோர்ஜ் பிராந்தியம் முழுக்க ரீஜியன் ரேஞ்சில் பை ஆர்டர் போட்டேன். 20 லட்சம் டிரிட் வந்தது, ஆனால் ஏழெட்டு ஸ்டேஷன்களில் சிதறிக் கிடக்கிறது, இரண்டு லோசெக்கில் (காவல் குறைந்த பகுதி). என்ன செய்வது?

ரேஞ்ச் கட்டத்தில் "ரீஜியன்" என்று நீங்களேதான் தேர்ந்தெடுத்தீர்கள். 20 லட்சம் டிரிட் 20,000 கனமீட்டர்; 4 இஸ்க் விலையில் 80 லட்சம். லோசெக்கில் கிடப்பதை மறந்துவிடுங்கள், எடுக்கப் போகும் கப்பலின் விலை அதைவிட அதிகமாக இருக்கும். மீதியைப் போகிற வழியில் இருந்தால் அள்ளுங்கள். அடுத்த முறை ஸ்டேஷன் ரேஞ்ச்.

விலை அடிமட்டத்தில் இருக்கிறது. 100 கோடிக்கு டிரிட் வாங்கிப் பதுக்கலாமா?

அடிமட்டம் என்று உங்களுக்கு யார் சொன்னது? 4 இஸ்க்கில் அது 25 கோடி டிரிட், 25 லட்சம் கனமீட்டர். ஃப்ரைட்டர் இரண்டு மூன்று நடை. ஹேங்கருக்கு வாடகை இல்லை என்பது உண்மை, ஆனால் சரக்கை நகர்த்தினால் செலவு, வழியில் உவேதாமாவில் காத்திருக்கும் கேங்கர்களும் (சரக்குக் கப்பலை வெடித்துக் கொள்ளையடிப்பவர்கள்) உண்டு. பதுக்குவதென்றால் ஜிதாவில் வாங்கி ஜிதாவிலேயே வைத்து ஜிதாவிலேயே விற்கக்கூடிய அளவு மட்டும். வாங்கவும் விற்கவும் ஆகும் கட்டணம் சேர்ந்து 6.5 சதவீதத்தை ஒட்டி வரும். அதற்கு மேல் ஏறினால்தான் முதல் காசு. ஏறுவதற்கான காரணம் பேட்ச் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் நம்பிக்கை மட்டும்தான் இருக்கிறது.

பெரிய போர் வந்தால் கனிமம் ஏறும் அல்லவா? (சண்டைக்காரன்)

நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை, நினைக்கும் நேரத்திலும் இல்லை. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி சண்டையில் 75 டைட்டன்கள் (ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்கள்) போயின. 2020-இன் கடைசியில் எம்2-எக்ஸ்எஃப்இ-யில் 250-க்கு மேல். அவை முன்பே கட்டி முடித்துக் கிடந்தவை. திரும்பக் கட்டுவது மாதக்கணக்கில் நடக்கும், பெரும்பாலும் கூட்டணியின் சொந்தக் கல்லில். செய்தியைப் பார்த்து ஜிதாவுக்கு ஓடுகிறவருக்கு முன்னால் பத்துப் பேர் வாங்கி வைத்திருப்பார்கள், உங்களுக்கு விற்பதற்காக. அன்றாடம் வெடிக்கும் சில்லறைக் கப்பல்கள்தான் டிரிட்டின் நிலையான பசி. மாதாந்திர அறிக்கையில் உற்பத்தி மதிப்பையும் அழிவு மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள்.

நிலாப் பொருளும் இறங்குகிறது. அதற்கும் இதே காரணமா? (நிலாச்சோறு)

வேறு காரணம். 2024 ஜூனில் மெட்டனாக்ஸ் என்ற நிலாத் துளைப்பான் வந்தது. ஆள் இல்லாமல் தானே துளைக்கும். முழு விளைச்சல் கிடையாது, எரிபொருளும் மாக்மா வாயுவும் தின்னும், ஆனால் தூங்காது.

ஆட்டமே செத்துக்கொண்டிருக்கிறதா?

2003-இலிருந்து கேட்கப்படும் கேள்வி. அடுத்தது.

ஜிதா லோக்கலில் (அங்கிருப்பவர்களின் அரட்டை) ஒருவர் டிரிட்டை இருமடங்கு விலைக்கு கான்ட்ராக்டில் வாங்குவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

கான்ட்ராக்டைத் திறந்து, "நீங்கள் பெறுவது", "நீங்கள் தருவது" என்ற இரண்டு வரிகளையும் பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணிப் படியுங்கள். எண்ணியபின் நீங்களே எனக்கு எழுதமாட்டீர்கள்.