வெளுத்த பம்பர் மீண்டும் கறுக்குமா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எங்களிடம் 2008இல் வாங்கிய எஸ்.யூ.வி. ஒன்று உள்ளது. பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்து, எஞ்சின் வேலையையும் முடித்துவிட்டோம். பெயின்ட் இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பம்பர்களின் கீழ்ப்பகுதி, சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகள், கதவுகளின் அடியில் ஓடும் பட்டை என்று கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் அத்தனையும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டன. வாட்டர் சர்வீஸில் பாலிஷ் போட்டுத் தருகிறார்கள். இரண்டு மழைக்குப் பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. புதிய பாகங்கள் வாங்காமல் வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: வழி உண்டு. ஆனால் எதைப் பூசலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த வெண்மை எதனால் வந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். வெயிலால் வந்த வெளுப்பு என்றே எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அந்த முடிவு பாதிதான் சரியாக இருக்கும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் குடிப்பதற்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை நம்பும் வீடுகளில்கூட, வண்டி கழுவுவது பெரும்பாலும் போர் தண்ணீரில்தான். பாறை இடுக்குகளில் தங்கி மேலே வரும் அந்த நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். கழுவிய வண்டியைத் துடைக்காமல் வெயிலில் விட்டால் நீர் மட்டும் ஆவியாகி உப்பு அங்கேயே தங்கிவிடும். பெயின்ட் வழவழப்பாக இருப்பதால் அதில் படிந்த உப்பு துணியோடு வந்துவிடுகிறது. சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் நுண்ணிய குழிகளிலோ அது ஆண்டுக்கணக்கில் படிந்து இறுகிவிடுகிறது. இதற்கு மேல் எந்தப் பாலிஷைப் பூசினாலும் அது உப்பின் மேல்தான் ஒட்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டாது.

ஆகவே முதல் வேலை உப்பை நீக்குவது. நிழலில் நிறுத்தி ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவிய பின், மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, பம்பரின் கண்ணில் படாத ஒரு மூலையில் தடவிச் சில நிமிடங்கள் விட்டுப் பாருங்கள். நுரைபோலச் சிறு குமிழ்கள் எழுந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து அலசிக் காய்ந்த பிறகும் அந்த இடம் கறுப்பாகவே இருந்தால், உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பகுதி உப்புதான். அப்படியே பகுதி பகுதியாகத் தொடருங்கள். பெயின்ட், அலாய் வீல் ஆகியவற்றின் மேல் வினிகர் காயும்படி விடாமல் உடனுக்குடன் தண்ணீர் ஊற்றுங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது உலோகத்தையும் குரோம் பூச்சையும் அரித்துவிடும்.

பெயின்ட்டை ஒட்டிய ஓரங்களில் மட்டும் கோடு கோடாக வெண்மை தெரிந்தால், அது யாரோ வாக்ஸ் போட்டபோது பிளாஸ்டிக்கில் பட்டுக் காய்ந்தது. பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தை, பிசுக்கைக் கரைத்துச் சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம்.

இவ்விரண்டையும் நீக்கிய பிறகும் வெண்மை எஞ்சியிருந்தால், அதுவும் வானத்தைப் பார்த்திருக்கும் மேற்பரப்பில் அதிகமாகவும் அடிப்பக்கத்தில் குறைவாகவும் இருந்தால், அதுதான் வெயிலின் வேலை. இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பாகத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் ‘பிபி’ (PP) என்ற குறியீடு அச்சாகியிருக்கும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. அதனால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகின்றன. அந்த வெடிப்புகளில் பட்டு ஒளி சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. உள்ளே கலந்திருக்கும் கார்பன் கறுப்பு எங்கும் போய்விடவில்லை. தண்ணீர் பட்டவுடன் பம்பர் புதிதுபோல் கறுத்துக் காட்டுவதற்கும், பாலிஷ் பூசிய அன்று பளபளப்பதற்கும் காரணம் ஒன்றே: வெடிப்புகளைத் தற்காலிகமாக ஏதோ நிரப்புகிறது. வாட்டர் சர்வீஸில் பூசுவது பெரும்பாலும் சிலிகான் எண்ணெய் கலந்த பாலிஷ். அது உலர்ந்து இறுகும் தன்மையுடையது அல்ல, ஆதலால் மழை நீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு போகிறது, போகும்வரை சாலைப் புழுதியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் தினமும் செல்பவர்களுக்கு இது எவ்வளவு தொல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிலைக்க வேண்டுமானால், பூசிய பின் இறுகிப் படலமாகும் பொருள் தேவை. பிளாஸ்டிக் பாகங்களுக்கென்றே விற்கப்படும் செராமிக் கோட்டிங், கறுப்புச் சாயம் கலந்த டிரிம் ரெஸ்டோரர் ஆகிய இரண்டும் அந்த வகையைச் சேர்ந்தவை. வெளுப்பு மிதமாக இருந்தால் செராமிக் போதும். திட்டுத் திட்டாக இருந்தால் சாயம் கலந்ததே நிறத்தைச் சமமாக்கும். எதுவாயினும் பலன் பூசுவதைவிடத் துடைப்பதைப் பொறுத்தது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முன்பு போட்ட சிலிகான் ஒரு துளி எஞ்சியிருந்தாலும் புதிய படலம் அந்த இடத்தில் பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் கிளீனரைப் போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, நன்றாகக் காயவிட்டு, கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வெள்ளைத் துணியில் அழுக்கு வராத வரைக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பயன்படுத்தினால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு மழுங்கி, எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாத வழவழப்புத் தழும்பு விழும்.

பெயின்ட்டின் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, பிளாஸ்டிக் தொட்டுப் பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும் மாலை வேளையில், ஒரு முழம் அளவுக்கு மட்டும் மெல்லியதாகப் பூசி, டப்பாவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் மிகுதியை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்து, அதன் பிறகே அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படக்கூடாது. தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஆனால் மாமரம் பூத்திருக்கும் அந்தக் காலத்தில் மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். பூங்கொத்துகளில் அடையும் தத்துப்பூச்சிகள் வெளியிடும் பிசுபிசுப்பான திரவம் வண்டி மேல் படிந்து, அதில் கரும்பூசணமும் வளரும்.

பிறகு கழுவும்போதெல்லாம், தண்ணீர் தானாகக் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். சேமித்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்கு ஒரு வாளி போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் டீசலையும் தேங்காய் எண்ணெயையும் தொட்டுத் துடைக்கிறார்கள். ஹீட் கன்னால் சூடு காட்டினால் பிளாஸ்டிக் பழைய நிறத்துக்கு வந்துவிடும் என்கிறார் பட்டறைக்காரர். எதைக் கேட்பது?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: டீசல் வேண்டவே வேண்டாம். பம்பருக்கு அருகிலேயே கதவு ரப்பர்கள் இருக்கின்றன. டீசலும் மண்ணெண்ணெயும் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். தேங்காய் எண்ணெய் கெடுதல் செய்யாது, ஆனால் புழுதியை ஈர்க்கும் என்பதைத் தவிரப் பலனும் இல்லை.

பட்டறைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சூட்டில் மேற்பரப்பு லேசாக இளகி வெடிப்புகள் மூடிக்கொள்வதால் கறுப்பு உடனே திரும்பும். ஆனால் சிதைந்த பிளாஸ்டிக் சிதைந்ததாகவே இருப்பதால், பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் வெளுக்கும். பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸில் உருகும். ஹீட் கன்னின் காற்றோ 500 டிகிரியையும் தாண்டக்கூடியது. ஒரே இடத்தில் சற்று நேரம் நின்றாலும் பம்பர் நெளிந்துவிடும், பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கும். கைபழகிய ஒருவர் செய்தால் மறுக்க மாட்டேன். வீட்டில் முதன்முறையாக முயல்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் விரலில் மாவுபோல் ஒட்டுகிறது. கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்துவிடலாமா?
– ஒரு வாசகர், பர்கூர்

பதில்: அந்த அளவுக்குச் சிதைந்துவிட்டால் பெயின்ட்தான் வழி. ஆனால் பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பெயின்ட் ஒட்டாது, பாளம் பாளமாக உரியும். மாவு போகும்வரை மெல்லிய வாட்டர் பேப்பரால் தேய்த்துக் கழுவி உலர்த்தி, பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிப்பதற்கென்றே உள்ள அடெஷன் புரோமோட்டரை முதலில் அடித்து, அதன் மேல் மேட் கறுப்பை மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். இதற்குமுன் டேஷ்போர்டு பாலிஷோ டயர் பாலிஷோ போட்டிருந்தால் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிலிகான் இருந்த இடத்தில் பெயின்ட் விலகிக் குழி குழியாக நிற்கும்.