பினாங்கு வீட்டுச் சோலாருக்கு எத்தனை ஆம்பியர் பேட்டரி, எந்தச் சார்ஜர்?

பட்டர்வொர்த்தில் ஒரு ஃபேன், நான்கு எல்இடி பல்பு, மோடம் இவை மட்டும் சோலாரில் ஓடினால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். 60 வாட் ஃபேன் 8 மணி நேரத்துக்கு 480 வாட்-மணி (வாட்டை மணியால் பெருக்கியது). 9 வாட் பல்பு நான்கும் 5 மணி நேரத்துக்கு 180. 10 வாட் மோடம் நாள் முழுக்க 240. ஆக 900 வாட்-மணி. இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்தால் சுமார் 1,000.

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் (இரண்டையும் பெருக்கினால் 1,280 வாட்-மணி) 80 சதவீதம் எடுத்தால் இது சரியாக வரும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 200 ஆம்பியர்-மணி தேவை. நம்ம ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் தேய்ந்தும் போகும், அதனால் நான் லித்தியம்தான் சொல்வேன். எதுவானாலும் தகரக் கூரைக்கடியில் வைக்காதீர்கள்.

மழைக்காலத்தையும் நினைத்து 400 வாட் பேனல் போடுங்கள். 400-ஐ 12.8-ஆல் வகுத்தால் 31 ஆம்பியர். 40 ஆம்பியர் எம்பிபிடி சார்ஜர் வாங்குங்கள்; பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ற ஆம்பியராக மாற்றித் தரும் வகை அது. அப்படி மாற்றாத, மலிவான பிடபிள்யூஎம் வகைச் சார்ஜர் வேண்டவே வேண்டாம். 30 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்யும் பேனலை அது பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், பாதிக்கு மேல் மின்சாரம் வீண். அப்புறம், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம்.