எந்த டேப் (டேப்லெட்) வாங்கலாம்? கேள்விகளும் ஒரு சர்வீஸ் கடைக்காரரின் பதில்களும்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பதினான்கு வருடமாக செல்போனும் டேப்பும் பழுது பார்க்கிறேன். புதிதாக எதையும் விற்பதில்லை. அதனால் எந்தக் கம்பெனி பெயரைச் சொன்னாலும் எனக்கு அதில் லாபம் கிடையாது. எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள் என்பதோடு, ஒரு நாளில் அந்த டேப்பில் என்ன வேலை செய்வீர்கள் என்பதையும் எழுதச் சொல்லியிருந்தேன். எழுதியவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன்.

உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடத்துகிறேன். கட்டுகள் எல்லாம் பிடிஎஃப் ஆகிவிட்டன, ஒவ்வொன்றும் 300, 400 பக்கம். படித்துக்கொண்டே ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும். 8.7 இன்ச் டேப் கைக்கு அடக்கமாக இருக்கிறது. போதுமா? (வழக்கறிஞர், ஒத்தக்கடை)

போதாது சார். ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். 8.7 இன்ச் டேப்பின் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 113 மில்லிமீட்டர்தான். பக்கம் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கிவிடும். 12 பாயின்ட் எழுத்து ஆறரை பாயின்ட் மாதிரி தெரியும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி 400 பக்கம் படிக்க முடியாது. வாதத்தின் நடுவில் நீதிபதி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது அதற்கு நேரமும் இருக்காது.

பொதுவான 11 இன்ச் ஆண்ட்ராய்டு டேப்பில் பக்கம் 70 சதவீத அளவில் தெரியும். அதே 11 இன்ச் ஐபேடின் திரை சற்று அகலம் என்பதால் 75 சதவீதம் கிடைக்கும். 13 இன்ச் ஐபேடில் கிட்டத்தட்ட 90 சதவீதம், தாளைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். ஆனால் எடையும் விலையும் கூடுதல். உங்கள் வேலைக்கு 11-க்குக் கீழே போகாதீர்கள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் 12.4 இன்ச் சாம்சங்கையோ 13 இன்ச் ஐபேடையோ கடையில் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். உங்கள் பிடிஎஃப் ஒன்றைக் கொண்டுபோய் அதில் திறந்து படித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

அடுத்தது பேனா. ரப்பர் முனை வைத்து 200 ரூபாய்க்கு விற்பது விரலுக்குப் பதிலாக இருக்கும் ஒரு குச்சி, அவ்வளவுதான். உள்ளங்கையைத் திரையில் ஊன்றினால் அதுவும் கோடு போடும். டேப் எஸ்6 லைட், டேப் எஸ்9 எஃப்இ போன்ற சாம்சங் மாடல்களில் எஸ் பென் பெட்டியிலேயே வரும், எழுதுவதற்கு அதைச் சார்ஜ் செய்யத் தேவையில்லை. ஐபேடுக்கு ஆப்பிள் பென்சில் என்ற பேனாவைத் தனியாக வாங்க வேண்டும். எந்த ஐபேடுக்கு எந்தப் பென்சில் பொருந்தும் என்பதைக் கேட்டு உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள். மாற்றி வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறைய.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கோர்ட்டுக்குப் போகும்போது டேப்பைக் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் இருக்கும் சூடு பேட்டரியைக் கொன்றுவிடும். ஒவ்வொரு வருடமும் அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு உப்பிய பேட்டரிகள் என் மேசைக்கு வரிசையாக வருகின்றன.

அண்ணே, 15,000-க்குள் நல்ல டேப் எது? (திருநகர்)

என்ன வேலைக்கு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். ரேம் 6 ஜிபிக்கும் ஸ்டோரேஜ் 128 ஜிபிக்கும் குறையக் கூடாது. எத்தனை வருடம் அப்டேட் தருவோம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ‘4 ஜிபி + 4 ஜிபி விர்ச்சுவல் ரேம்’ என்று போட்டிருந்தால் அதை 4 ஜிபி என்றே படியுங்கள். அந்தக் கூடுதல் நான்கு ஸ்டோரேஜிலிருந்து எடுத்தது. உண்மையான ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. விடியற்காலையில் சிட்டை போடுவதும் வரவு செலவு எழுதுவதும் நோட்டில்தான் நடக்கிறது. அதை டேப்புக்கு மாற்றலாம் என்று பையன் சொல்கிறான். வாட்ஸ்அப்பும் ஜிபேயும் அதிலேயே வேண்டும். (பூ வியாபாரி)

பையன் சொல்வது சரிதான் அண்ணே. ஆனால் உங்கள் கடையில் இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது ஈரம். மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்த கையோடு தொட்டால் டச் தடுமாறும். விரலில் இருக்கும் மின்தன்மையை வைத்துத்தான் இந்தத் திரை வேலை செய்கிறது, தண்ணீர்த் துளியையும் அது விரல் என்று எடுத்துக்கொள்ளும். எட்டு என்று தொட்டால் ஐந்து விழும், கிலோ கணக்கே மாறிவிடும். ஐபி68 என்ற தண்ணீர் தாங்கும் தரக்குறி போட்ட மாடலாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகாமல் காக்கும், ஆனால் ஈரக் கையால் தொட்டால் அதிலும் டச் தடுமாறத்தான் செய்யும். பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். எண்களைப் பேனாவால் தொட்டுப் போடும் பழக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது சிம். யுபிஐ ஆப்பைப் பதிவு செய்யும்போது, வங்கியில் கொடுத்திருக்கும் எண்ணிலிருந்து, அதே கருவி வழியாக ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். வைஃபை மட்டும் உள்ள டேப்பில் இது நடக்காது. என் யோசனை, பணம் வாங்குவது போனிலேயே இருக்கட்டும், டேப் கணக்குக்கு மட்டும். வாட்ஸ்அப்பை போனோடு இணைத்து டேப்பிலும் வைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும், கல்லாப்பெட்டிப் பக்கத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் சார்ஜரில் மாட்டி வைக்காதீர்கள். பேட்டரி எப்போதும் 100 சதவீதத்திலேயே நின்று சூடாகி உப்பிவிடும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல மாடல்களில் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, முதல் நாளே போட்டுவிடுங்கள்.

டேலி போட டேப் வாங்கலாமா? ஜிஎஸ்டி ரிட்டர்னும் அதிலேயே தாக்கல் செய்ய வேண்டும். (கணக்காளர், கீழமாசி வீதி)

வாங்காதீர்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸ் கணினிக்கானது, ஆண்ட்ராய்டிலோ ஐபேடிலோ அதை நிறுவ முடியாது. டிஜிட்டல் கையெழுத்துக்கு யுஎஸ்பி டோக்கன் வைத்திருந்தால் அதற்கும் கணினி வேண்டும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல லேப்டாப் வாங்குங்கள்.

பள்ளியில் ஆசிரியை. 11 இன்ச் டேப் வாங்கினேன். வேர்டு, பவர்பாயின்ட் கோப்புகள் திறக்கின்றன, ஆனால் திருத்தப் போனால் சந்தா கேட்கிறது. தோழியின் சிறிய டேப்பில் கேட்கவில்லை. என் டேப்பில் பழுதா? (ஆசிரியை, உசிலம்பட்டி)

பழுது இல்லை அக்கா. மைக்ரோசாஃப்டின் விதிப்படி 10.1 இன்ச் வரை உள்ள திரையில்தான் இலவசமாகத் திருத்தலாம், அதற்கு மேல் சந்தா. கூகுள் டாக்ஸ், ஸ்லைட்ஸ் இரண்டுக்கும் அந்தக் கணக்கு கிடையாது. பாடத் தயாரிப்புக்கு அவை போதும்.

15,000 ரூபாய்க்குள் ஒரு டேப் சொல்லுங்கள். (அலங்காநல்லூர்)

திருநகர்க்காரருக்குச் சொன்னதேதான்.

பத்திரம் எழுதுகிறேன். இருபது வருடப் பத்திர மாதிரிகள் கணினியில் இருக்கின்றன. டேப்பில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. தமிழில் வேகமாக அடிக்கவும் வழி வேண்டும். (பத்திர எழுத்தர், மேலூர்)

உங்கள் கோப்புகள் வானவில் அவ்வையார், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். அவற்றில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். கணினியில் வைத்தே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றிய பிறகு அளவுகளையும் சர்வே எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அடிப்பதற்கு ஒரு புளூடூத் கீபோர்டும் தமிழ்99-உம் என்பது என் பரிந்துரை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த கீபோர்டு அமைப்பு அது. உயிரெழுத்து இடது கையிலும் மெய் வலது கையிலும் இருக்கும். ‘மதுரை’க்கு ம, த, உ, ர, ஐ என்று ஐந்தே தட்டு. புள்ளியும் பெரும்பாலும் தானாகவே விழும், ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ அடித்தால் போதும். ஐபேடில் தமிழ்99 கூடவே வருகிறது. ஆண்ட்ராய்டு என்றால் உங்கள் கீபோர்டைக் கடைக்கே எடுத்துப்போய் அந்த டேப்பில் அடித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

முப்பது வருடம் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவன் நான். தொழில்நுட்பக் கல்வித் துறை தட்டச்சுத் தேர்வை இன்றும் நடத்துகிறது. விரலில் பழகியதை விட்டுவிட்டுப் புதிதாகக் கற்கச் சொல்வது எந்த நியாயம்? (தட்டச்சுப் பயிலக ஆசிரியர், தல்லாகுளம்)

ஐயா, உங்களிடம் படித்தவர்களின் வேகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே வேகமாக அடிப்பவர் மாற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மேலூர்க்காரர் தட்டச்சு கற்றவராக இருந்தால் அதிலேயே தொடரட்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்குத்தான் தமிழ்99 சொல்கிறேன். தட்டச்சு அமைப்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் போகிறது, ‘கொ’வுக்கு ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று தட்டு. இயந்திரம் தாளில் அப்படித்தான் அடிக்க முடியும். யூனிகோடு உள்ளே முதலில் மெய், பிறகு உயிர்க்குறி என்று சேமிக்கிறது. தமிழ்99-இல் க, ஒ என இரண்டே தட்டு. நாம் வாயால் சொல்லும் வரிசையும் அதுதான்.

எதற்கு இவ்வளவு? ஆங்கிலத்தில் ‘மதுரை’ என்று அடித்தால் தமிழாகிறதே! (கல்லூரி மாணவர், பசுமலை)

தம்பி, நண்பனுக்கு வாட்ஸ்அப் அனுப்ப அது போதும். பத்திரத்துக்குப் போதாது. ஆங்கிலத்தில் ர, ற பேதம் இல்லை. ‘அரை சென்ட்’ என்று அடிக்க நினைத்து ‘அறை’ விழுந்தால் அது வேறு சொல். ல, ள, ழ மூன்றில் எது வேண்டும் என்பதை அந்தக் கருவி ஊகித்துத்தான் போடுகிறது. ஊகத்தை நம்பி ஒருவருடைய நிலத்தை எழுத முடியுமா?

பேசினாலே எழுதிவிடுகிறது. கீபோர்டே தேவையில்லை. (மாணவர், மீண்டும்)

முதல் வரைவுக்கு நல்ல வழி. ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், தாத்தா பெயர் வரும்போது தடுமாறும். திருத்தத்துக்கு எப்படியும் கை வைக்கத்தான் வேண்டும்.

நீங்கள் சொன்ன ‘கொ’ கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டுகளின் எண்ணிக்கையா வேகம்? பழக்கம்தானே வேகம்? (தட்டச்சு ஆசிரியர்)

பழக்கம்தான் ஐயா, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் விரல் எதிலும் பழகவில்லை. மூன்று வாரம், தினம் அரை மணி நேரம் தமிழ்99-இல் உட்கார வைத்துப் பாருங்கள். உங்களைப் போன்ற ஆசிரியர்கள் பயிலகத்தில் அதையும் ஒரு பாடமாக வைத்தால் தமிழில் அடிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர் கூடுவார்கள். என் மகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். வாருங்கள், நேரில் பேசலாம், இங்கே மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

சுங்குடிச் சேலைக்குப் புள்ளி வடிவங்களை இதுவரை தாளில் வரைகிறோம். டேப்பில் வரைய எது நல்லது? (சேலை உற்பத்தியாளர்)

இதற்குப் பேனாவின் அழுத்தம் முக்கியம். லேசாக வைத்தால் மெல்லிய கோடும் அழுத்தினால் தடித்த கோடும் வர வேண்டும். எஸ் பென்னில் அது உண்டு. ஆப்பிளில் விலை குறைந்த யுஎஸ்பி-சி பென்சிலில் அழுத்தம் அறியும் வசதி இல்லை, வரைய அதை வாங்காதீர்கள். ஒரு கட்டத்தை வரைந்து அதையே திரும்பத் திரும்ப அடுக்கும் வசதி ஓவிய ஆப்களில் இருக்கிறது. உங்கள் வேலைக்கு அது பெரிய உதவி. நிறத்தை மட்டும் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாயம் துணியில் ஏறிய பிறகு தெரியும் நிறம் வேறு.

மருந்து விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போகிறேன். வைஃபை ஐபேடில் மேப் பார்த்துப் போகலாமா? (தெப்பக்குளம்)

வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. செல்லுலார் மாடலில்தான் உண்டு.

2019 மாடல் ஐபேடு, ஏழாம் தலைமுறை, பழையது ஒன்று மலிவாக வருகிறது. (செல்லூர்)

வேண்டாம். 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 (ஐபேடை இயக்கும் மென்பொருள்) அதற்குக் கிடையாது. ஆப்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். பழைய ஐபேடு எதை வாங்கினாலும், விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை உங்கள் கண் முன்னால் நீக்கிக்கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் பூட்டிக்கொள்ளும். அதை என்னைப் போன்ற கடைக்காரர் யாராலும் திறக்க முடியாது.

12,000-க்குள் எது பெஸ்ட்? (வாடிப்பட்டி)

என்ன வேலைக்கு? மேலேயே கேட்டுவிட்டேன். வேலையை எழுதுங்கள், பதில் தருகிறேன்.

12 ஜிபி ரேம், 512 ஜிபி ஸ்டோரேஜ், 5ஜி டேப், 7,000 ரூபாய் என்று விளம்பரம் வருகிறது. (சமயநல்லூர்)

அந்த விலைக்கு அந்த அளவு கிடைக்காது. செட்டிங்ஸில் பொய் எண் காட்டுமாறு மென்பொருளையே மாற்றி விற்கிறார்கள். அப்படி ஒன்றை ஒரு தாய் மகனுக்காக வாங்கி என்னிடம் கொண்டுவந்தார். பெரிய வீடியோக்களை ஏற்றிப் பார்த்தபோது 30 ஜிபியைத் தாண்டவில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியைத் திறந்து, கருவி சான்று பெற்றதா என்று பாருங்கள். பெறவில்லை என்றால் வங்கி ஆப் எதையும் அதில் போடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

மூன்று வருட டேப். ஒரு மாதமாகப் பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ரப்பர் பேண்ட் போட்டு அழுத்தி வைத்திருக்கிறேன். குழந்தை அதில்தான் பாட்டு கேட்கிறது. புதிது எதை வாங்கலாம்? (திருமங்கலம்)

புதிது பற்றிப் பிறகு பேசலாம். சார்ஜரை இப்போதே பிடுங்குங்கள். ரப்பர் பேண்டை மெதுவாக எடுத்துவிடுங்கள், அழுத்தாதீர்கள். டேப்பை ஸ்விட்ச் ஆஃப் செய்து, மெத்தை, திரைச்சீலை, கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமென்ட் தரையில் வையுங்கள். குழந்தையிடம் திரும்பக் கொடுக்காதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, அழுத்தினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். மதுரை வரை அதைப் பஸ்ஸில் கொண்டுவர வேண்டாம், திருமங்கலத்திலேயே ஒரு சர்வீஸ் கடையில் காட்டிக் கழற்றச் சொல்லுங்கள். செய்து முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.