மாமாவுக்காக எடுத்த கடனும் என் எம்.எஸ்சி. கனவும்

கேள்வி: பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்பியல், பேச்சு-மொழி நோயியல் பட்டப்படிப்பு) முடித்துவிட்டு திருச்சியில் ஒரு காது கேட்கும் கருவி மையத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஆடியோமெட்ரி (கேட்கும் திறன் சோதனை), காதுக்கு மோல்டு எடுப்பது என்று போகிறது. சம்பளம் 28,000, கருவி விற்றால் இன்சென்டிவ் தனி. அடுத்த ஆண்டு எம்.எஸ்சி. ஆடியாலஜி சேர ஆசை. மைசூர் ஐஷ் (அகில இந்திய பேச்சு, கேட்பியல் நிறுவனம்) நுழைவுத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். தாய்மாமா கடை விரிவாக்கத்துக்காக என் பெயரில் 4 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன். வட்டி 14%, 48 மாதம், இஎம்ஐ 10,930. 14 தவணை போயிருக்கிறது. மாமா பணம் அனுப்புவார், ஆனால் தாமதமாக. இப்போது என் எட்டு பவுனையும் அடகு வைக்கக் கேட்கிறார். கையில் 1.9 லட்சம் சேமிப்பு இருக்கிறது. படிப்புச் செலவுக்காக அதை ஸ்மால்கேப் ஃபண்டில் (சிறு நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்ட்) போட்டுப் பெருக்கலாமா? ஒரு கன்சல்டன்சி, அடமானம் இல்லாமல் 45 லட்சம் கடன் வாங்கித் தருகிறோம், அமெரிக்காவில் ஏயூடி (ஆடியாலஜி முனைவர் பட்டம்) படியுங்கள் என்கிறது. அதை யோசிக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கல்லூரி, பாடம், தேர்வு பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேசப்போவது ஒன்றைப் பற்றித்தான்: மாமா கேட்டால் உங்கள் பெயரில் கடன் வாங்கிக் கொடுக்கும் பழக்கம். இன்று கடன், நாளை நகை. உங்கள் படிப்புக்கு முன்னால் நிற்கிற தடை இதுதான், நுழைவுத் தேர்வு அல்ல.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தைப் பார்த்தேன். தவணை தேதி 5. மாமாவின் பணம் வருவது 10, 11-ம் தேதி. மூன்று முறை கணக்கில் பணம் இல்லாமல் தவணை பவுன்ஸ் ஆகி, ஒவ்வொரு முறையும் ஜிஎஸ்டியோடு 590 ரூபாய் போயிருக்கிறது. 590 ரூபாய் போனது பெரிதல்ல. தாமதம் மாமாவுடையது, ஆனால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் நிற்பது உங்கள் பெயர். நாளை கல்விக் கடனுக்குப் போனால் வங்கி மேலாளர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.

அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லை. கல்விக் கடனுக்குப் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. பர்சனல் லோனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. சம்பளம் நின்றுவிடும், தவணை நிற்காது. 24 மாதத்துக்கு 10,930 என்றால் 2.6 லட்சத்துக்கு மேல். இதை யார் கட்டுவது? மாமாவா? சம்பளம் வரும்போதே தேதி தவறுகிறவர், நீங்கள் மைசூரில் விடுதியில் இருக்கும்போது சரியாகக் கட்டுவார் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

இன்றைக்குப் பாக்கி அசல் சுமார் 3.05 லட்சம். இந்தக் கடன் மாமாவின் பெயருக்குப் போக வேண்டும்; அதாவது அவர் தன் பெயரில் கடன் எடுத்து இதை அடைக்க வேண்டும். அவருக்குக் கடை இருக்கிறது. சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமலே கேட்கலாம். அது சரிவரவில்லை என்றால் அத்தையின் நகை இருக்கிறது. அதை வைக்கத் தயங்குகிறவர் உங்கள் எட்டு பவுனைக் கேட்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. "மாமா, ஜூன் மாதம் காலேஜ் சேரணும். அதுக்குள்ள இந்த லோனை உங்க பேருக்கு மாத்திக்கங்க. நகை தர முடியாது" என்று சொல்லுங்கள். அம்மாவைத் தூது அனுப்பாமல் நீங்களே சொல்லுங்கள். அம்மாவுக்குத் தம்பியிடம் கறாராகப் பேச வராது.

அதுவரை தவணையை உங்கள் சம்பளத்திலிருந்து 5-ம் தேதியே போகவிட்டு, மாமாவிடம் பிறகு வசூலியுங்கள். இனி ஒரு பவுன்ஸ்கூட ஆகக் கூடாது.

ஜூனிலும் அவர் கைவிரித்தால்? படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். 1.9 லட்சத்தை அந்தக் கடனில் பகுதியாகக் கட்டி, காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். இன்றைய கணக்கில் பாக்கி 1.15 லட்சம், தவணை சுமார் 4,100 ஆகிவிடும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். மாதம் 4,100 என்றால் அப்பாவால் தாங்க முடியும். கல்லூரிக் கட்டணம், விடுதி எல்லாவற்றையும் கல்விக் கடனில் போடலாம். 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள், அப்பா இணை விண்ணப்பதாரராக இருந்தால் போதும். மைசூர் ஐஷ், மும்பை அலி யாவர் ஜங் போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் கட்டணம் தனியார் கல்லூரியைவிட மிகக் குறைவு. அந்த நுழைவுத் தேர்வுக்குச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் கடன் சுமையைக் குறைக்கும்.

ஸ்மால்கேப் ஃபண்ட் வேண்டவே வேண்டாம். சில மாதத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் உங்கள் நலனை நினைக்கவில்லை. வங்கி டெபாசிட்டில் கிடக்கட்டும்.

அப்புறம் அந்த 45 லட்சம். ஏயூடி பெரும்பாலும் நான்கு ஆண்டு. ஆண்டுக்கு ஆண்டு கால்வாசியாகக் கடன் எடுத்து, 12% சாதாரண வட்டி போட்டாலும், படித்து முடித்து ஓராண்டு கழியும்போது வட்டி மட்டும் 19 லட்சத்தைத் தொடும். மொத்தம் 64 லட்சம். பத்தாண்டில் அடைக்க மாதம் 92,000 ரூபாய். படித்த பின் வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி அனுமதி சாதாரணமாக 12 மாதம்தான். அதற்கு மேல் தங்க எச்-1பி வேலை விசா வேண்டும். ஆடியாலஜிஸ்டுகளுக்கு அதற்கும் தனியாகச் சுகாதாரப் பணியாளர் சான்றிதழ் கேட்பார்கள். அந்த விசா கிடைக்காமல் ஊர் திரும்பினால், இங்கே வாங்கும் சம்பளத்தில் 92,000 கட்ட வழியே இல்லை. கன்சல்டன்சி கொடுத்த தாளில் இதில் எதுவும் இல்லை. அமெரிக்க ஆசை உண்மையானது என்றால், எம்.எஸ்சி. முடித்து, கடன் இல்லாத பதிவோடு, உதவித்தொகை தரும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள்.

இந்த வாரமே உங்கள் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்று இலவசம். அதில் தாமதம் எத்தனை மாதத்துக்குப் பதிவாகியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். எந்த வங்கியில் கல்விக் கடன் கேட்பது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.