சென்னையிலிருந்து திருச்சிக்குத் தனியாக பைக்கில் போகிறேன், ஜிஎஸ்டி ரோட்டில் (பழைய என்எச் 45) பார்க்க ஏதாவது இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது, ஆனால் பைபாஸை விட்டு இறங்க வேண்டும். "ஒன்றுமே இல்லை, ஈசிஆர்தான் (கிழக்குக் கடற்கரைச் சாலை) அழகு" என்பவர்கள் மேம்பாலத்துக்கு மேலேயே போய் வந்தவர்கள். ஈசிஆர் அழகுதான், நான் மறுக்கவில்லை. கேள்வி அதுவல்ல.

உங்களிடம் 125 அல்லது 150 சிசி வண்டி, இரண்டு நாள் லீவு என்று வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள். வெள்ளி மாலையும் சனி காலையும் பெருங்களத்தூர் முதல் சிங்கப்பெருமாள்கோவில் வரை கிளட்ச் பிடித்தே கை வலித்துவிடும். டோல் கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரப் பாதையில் போகலாம்.

முதல் நிறுத்தம் மதுராந்தகம். ஊருக்குள் போனால் ஏரி காத்த ராமர் கோயில். 1798-ல் ஏரி உடையப்போகிறது என்று பயந்த கலெக்டர் லயனல் பிளேஸ், கரைமேல் வில்லோடு ராம லட்சுமணரைக் கண்டதாகச் சொல்வார்கள். நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போனால், அதற்கு முன்பே படாளம் கூட்ரோட்டில் திரும்பி வேடந்தாங்கலையும் பார்த்துவிடலாம்.

திண்டிவனத்தில் கவனம். பழைய என்எச் 45 இப்போது ஒரே சாலை அல்ல. திண்டிவனம் வரை என்எச் 32, விழுப்புரம் வரை 132, அதற்கப்புறம் 38. போர்டில் 32-ஐயே பிடித்துக்கொண்டு போனால் புதுச்சேரியில் இருப்பீர்கள்.

32, 132 இரண்டையும் விட்டுவிட்டு மேற்கே செஞ்சிக்குத் திரும்புங்கள் என்பேன். திண்டிவனம், செஞ்சி, மண்டகப்பட்டு, விழுப்புரம் என்று சுற்றினால் நேர்வழியைவிட முப்பது கிலோமீட்டர்தான் கூடுதல். பயணமே இந்த முப்பதுக்காகத்தான். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை செஞ்சி. அதன் உயரமான குன்றான ராஜகிரி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்பதரைக்குள் ஏறத் தொடங்குங்கள், பதினொன்றுக்கு மேல் பாறை சுடும், பிற்பகலில் மேலே விடமாட்டார்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பைக்குள் இருக்கட்டும், கையில் பாட்டில் தெரிந்தால் குரங்கு பிடுங்கும். தனியாகப் போகிறவருக்கு வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. வண்டியில் கட்டிய பெரிய மூட்டை வேண்டாம், முதுகில் தூக்கி ஏறக்கூடிய ஒரே பை போதும்.

இறங்கியதும் மண்டகப்பட்டு. உச்சி வெயிலில் குகைக் கோயிலுக்குள் குளுகுளுவென்றிருக்கும். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாகத் தூணில் அவனே வெட்டி வைத்திருக்கிறான். மூன்று கருவறையும் காலி. வெளியே இரு பக்கமும் நிற்கும் வாயிற்காவலர்களை நிதானமாகப் பாருங்கள்.

இரவு விழுப்புரத்தில் தங்குங்கள். மறுநாள் பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடி கோட்டை, பெரம்பலூரைத் தாண்டியதும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். ஞாயிறு கிளம்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பஞ்சர் பற்றி. டியூப்லெஸ் என்றால் ஆணியை உடனே பிடுங்காதீர்கள். காற்று மெல்ல இறங்கினால் அப்படியே அடுத்த கடைவரை ஓட்டலாம். நீங்களே பஞ்சர் போடுவதானால் துளையை ரம்பக் கம்பியால் ஏழெட்டு முறை நன்றாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் திணித்தால் துளையை அடைக்கும் ரப்பர் திரி (ஸ்ட்ரிப்) பாதியில் அறுந்துவிடும். ஸ்ட்ரிப்பை ஊசிக்கம்பியில் கோத்துத் திணித்து, அரை அங்குலம் வெளியே விட்டு, அந்த ஊசிக்கம்பியைச் சட்டென்று இழுத்து, மிச்சத்தை நறுக்கி, எச்சில் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். காற்று அளவை டயர் சூடாவதற்கு முன் காலையில் பாருங்கள், வெயிலில் ஓடிய டயர் கூடுதலாகக் காட்டும்.

பெரிய ஆபத்து வேகமல்ல, இடது ஓரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரி. அதனால் இருட்டியபின் ஓட்டாதீர்கள், விடியற்காலை கிளம்பி வெளிச்சம் வரும்வரையும் இதே கவனம் வேண்டும். "நாங்கள் ராத்திரியில்தான் போவோம்" என்பவர்கள் போகட்டும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நால்வழி போட வெட்டிய புளியமரங்களுக்குப் பதில் நடுவில் அரளியை நட்டிருக்கிறார்கள். காரில் ஏசி போட்டுப் போகிறவனுக்குப் பூ தெரியும், பைக்காரன் நிற்க நிழல் எங்கே? மேம்பாலத்துக்கு அடியில்தான். மதியம் ஒன்று முதல் மூன்று வரை அங்கேயோ டீக்கடையிலோ உட்காருங்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு உளுந்தூர்பேட்டை தாண்டும் நேர்ரோட்டில் ஏறினால் கண் சொக்கும்.